ஆபீஸ் முடிந்த பிறகு ஆரம்பித்த வேலை
குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் வாழ்க்கை

பகல் முழுவதும் பாங்கில் உட்கார்ந்து வரவு செலவு எழுதுகிறவர் மாலையில் வீடு திரும்பினால் என்ன செய்வார்? காப்பி குடிப்பார். பத்திரிகையைப் புரட்டுவார். ரேடியோ கேட்பார். மறுநாள் காலையில் மறுபடியும் அதே நாற்காலி, அதே பேரேடு. உத்தியோகஸ்தர் வாழ்க்கை பெரும்பாலும் இப்படித்தான் ஓடுகிறது.

சென்னை இந்தியன் பாங்கில் 41 ஆண்டுகள் உத்தியோகம் பார்த்த ஒருவருக்கு ஆபீஸ் முடிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பித்தது. அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை. பதவி உயர்வு இல்லை. ஓய்வு பெறும் வயதும் கிடையாது. தமிழ்க் குழந்தைகளுக்குப் பாட்டும் கதையும் எழுதுவது, எழுதக்கூடிய மற்றவர்களைத் தேடிப் பிடித்து ஒன்று சேர்ப்பது, அந்தப் புத்தகங்களைப் பிள்ளைகள் கையில் சேர்ப்பது ஆகிய மூன்றும்தான் அந்த வேலை.

அவர்தான் அழ. வள்ளியப்பா. குழந்தைக் கவிஞர் என்று தமிழ்நாடு அழைத்தது அவரைத்தான்.

ராயவரத்துப் பிள்ளை

வள்ளியப்பா பிறந்தது 1922-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி. ஊர் ராயவரம். அப்போது அது புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தது. தகப்பனார் அழகப்பச் செட்டியார். தாயார் உமையாள் ஆச்சி.

நகரத்தார் ஊர்களில் அந்த நாளில் ஆண்பிள்ளைகளின் பாதை பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானமாகிவிடும். கொஞ்சம் படிப்பு, நிறையக் கணக்கு. பிறகு கப்பல் ஏறி பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ போய்க் கடையில் உட்கார வேண்டும். ஊரில் பெரிய பெரிய வீடுகள் நிற்கும். அவற்றைக் கட்டிய ஆண்களில் பலர் வெளிநாட்டில் இருப்பார்கள். பிழைப்புக்காக ஊரை விட்டுப் போவது என்றால் என்ன என்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே தெரிந்த விஷயம்.

ஆரம்பப் படிப்பு உள்ளூரில். உயர்நிலைப் படிப்புக்கு ராமச்சந்திரபுரம் பூமீசுவரசாமி இலவச உயர்நிலைப் பள்ளி. நடந்து போகும் வழியில் கண்ணில் பட்டதையெல்லாம் சந்தம் கட்டிப் பாடுவது பையனுடைய பழக்கம். முதல் பாட்டு 13 வயதில் பிறந்தது. அது தெய்வத்தைப் பற்றியதும் அல்ல, நீதியைச் சொல்வதும் அல்ல. சினிமாவைப் பற்றிய பாட்டு. கூட வந்த பையன்கள் ரசித்தார்கள். தன் வயதுப் பிள்ளைகள் எதைக் கேட்டால் குதிப்பார்கள் என்பது அன்றே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. பிற்காலத்தில் அவர் எழுதிய பாட்டுகளின் ரகசியமும் அதுதான்.

உயர்நிலைப் பள்ளியோடு படிப்பு நின்றது. காலேஜ் வாசலை அவர் மாணவராக மிதிக்கவில்லை.

சக்தி காரியாலயம்

1940-ல் வள்ளியப்பா சென்னைக்கு வந்தார். சக்தி காரியாலயத்தில் காஷியர் வேலை கிடைத்தது. அதன் அதிபர் வை. கோவிந்தனும் ராயவரத்துக்காரர்தான். நல்ல புத்தகங்களை நல்ல அச்சில், சாதாரண மனிதன் வாங்கக்கூடிய விலையில் கொடுக்க வேண்டும் என்று பாடுபட்டவர். 1939-ல் அவர் தொடங்கிய சக்தி மாத இதழ் அந்நாளில் பெரிதும் மதிக்கப்பட்டது.

காரியாலயத்தில் வள்ளியப்பாவின் வேலை பணத்தை எண்ணுவது. ஆனால் பக்கத்து அறையில் எழுத்தாளர்கள். பத்திரிகையைக் கவனித்துக்கொண்டிருந்தவர் தி.ஜ.ர. புதியவர்களை எழுதத் தூண்டுவதில் தி.ஜ.ர.வுக்கு நிகர் தி.ஜ.ர.தான். காஷியர் பையனுக்குள் ஓர் எழுத்தாளன் இருப்பதை அவர் கண்டுகொண்டார். எழுதச் சொன்னார். ஆளுக்குப் பாதி என்ற தலைப்பில் வள்ளியப்பா எழுதிய முதல் கதை சக்தியில் வெளிவந்தது.

சக்தியில் இருந்த காலம் கொஞ்சம். கற்றுக்கொண்டது அதிகம். எழுதுவது ஒரு வேலை, அச்சாக்குவது ஒரு வேலை, அதை வாசகனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொரு வேலை. மூன்றும் நடந்தால்தான் புத்தகம் என்பது உயிரோடு இருக்கும். இந்தப் பாடத்தை அவர் கடைசி வரை மறக்கவில்லை.

பாங்கு உத்தியோகம்

1941-ல் இந்தியன் பாங்கில் சேர்ந்தார். எழுத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாத காலம் அது. மாதம் பிறந்தால் சம்பளம் தரும் உத்தியோகத்தை அவர் விடவில்லை. 1982-ல் ஓய்வு பெறும் வரை பாங்கு ஊழியராகவே இருந்தார்.

அன்றைய பாங்கு வேலை எப்படிப்பட்டது என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் கையால் எழுத வேண்டும். தடித் தடியான பேரேடுகள். வட்டி போடுவதும் மனக் கணக்குத்தான். பணம் வாங்கும் கவுண்டரை மூடின பிறகு இருப்பு சரியாக வர வேண்டும். ஓரணா இடித்தால்கூட, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் வீடு. ஜூன், டிசம்பர் அரையாண்டுக் கணக்கு என்றால் நேரம் காலம் பார்க்க முடியாது.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற நேரத்தில்தான் வள்ளியப்பா எழுதினார். பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை என்று சிறுவர் பத்திரிகைகளையும் கவனித்துக்கொண்டார்.

சிறுவர் பத்திரிகைகள் துளிர்த்துச் செழித்த காலம் அது. சென்னையில் மட்டுமல்ல, புதுக்கோட்டை போன்ற சிறிய நகரத்திலிருந்துகூட அடுத்தடுத்து வெளிவந்தன. வந்த வேகத்தில் பல நின்றும் போயின. ஆனால் அந்தச் சில வருஷங்களில் பாட்டு எழுதவும் கதை எழுதவும் ஒரு தலைமுறை பழகிக்கொண்டது.

23 பாட்டுக் கொண்ட சின்னப் புத்தகம்

1944-ல் மலரும் உள்ளம் வெளிவந்தது. வள்ளியப்பாவின் முதல் பாடல் தொகுதி. மொத்தம் 23 பாடல்கள். யுத்த காலம். காகிதத்துக்குக் கட்டுப்பாடு. அந்த நெருக்கடியில் குழந்தைப் பாட்டுக்கு ஒரு புத்தகம் என்பதே துணிச்சலான காரியம்.

குழந்தைகளுக்கென்று தமிழில் எழுதிய முதல் கவிஞர் வள்ளியப்பா அல்ல. பாரதியார் பாப்பாவுக்குப் பாடினார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் மலரும் மாலையும் தொகுதியில் குழந்தைப் பாட்டுகள் உண்டு. ஆனால் அவர்களுக்கு அது பல வேலைகளில் ஒன்று. அதையே முழு வேலையாக எடுத்துக்கொண்டவர் வள்ளியப்பா.

அவருடைய பாட்டில் என்ன விசேஷம்? படித்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். எல்லாம் வீட்டில் பேசுகிற சொல். பாடிப் பார்த்தால்தான் தெரியும். நாக்கு தானாகத் துள்ளும். தட்டில் இருக்கும் லட்டைப் பற்றி ஒரு பாட்டு. தமிழ் தெரிந்த வீடுகளில் அதை அறியாத பிள்ளை குறைவு. மொத்தம் எட்டு லட்டு. அதில் பாதி போனால் மீதி எத்தனை என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. டகர ஒலியும் பிள்ளையின் வாயில் நன்றாகப் பழகிவிடுகிறது. ஆனால் பாடுகிற குழந்தைக்குத் தெரிவது லட்டு மட்டும்தான். பாடம் நடத்துவதாகவே தெரியாது. சேலத்து மாம்பழத்தைப் பற்றிய பாட்டும் அப்படித்தான். பாடி முடிப்பதற்குள் நாவில் எச்சில் ஊறும்.

1954-ல் மலரும் உள்ளம் விரிவாக வெளிவந்தது. இம்முறை 135 பாடல்கள். 1961-ல் இரண்டாம் தொகுதியும் வந்தது. 23 பாட்டு 135 ஆனதற்கு நடுவே பத்து ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளும் பகலில் அவர் பாங்கில்தான் இருந்தார்.

சங்கம் பிறந்தது

தான் எழுதினால் போதும் என்று வள்ளியப்பா இருந்திருந்தால் ஒரு நல்ல கவிஞரோடு கதை முடிந்திருக்கும். அவர் அப்படி இருக்கவில்லை.

குழந்தைகளுக்கு எழுதுவோரின் நிலைமை அன்று பரிதாபம். இலக்கிய மேடைகளில் அவர்களுக்கு இடம் இல்லை. பெரியவர்களுக்கு எழுத வராதவர்தான் பிள்ளைகளுக்கு எழுதுவார் என்ற ஏளனம் வேறு. எழுதுகிறவர்கள் ஆளுக்கோர் ஊரில் சிதறிக் கிடந்தார்கள். ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாது. எந்த வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொல் பொருந்தும், எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், படம் எப்படி இருக்க வேண்டும் என்று கூடிப் பேச ஓர் இடம் இல்லை.

1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் சென்னையில் உருவானது. வள்ளியப்பாவுக்கு அப்போது 28 வயதுகூட நிரம்பியிருக்காது. சங்கத்தின் முதல் தலைவர் சக்தி வை. கோவிந்தன். பத்து வருஷம் முன்பு காஷியராக வேலை கொடுத்த அதே மனிதர். ஓடியாடி வேலை செய்யும் பொறுப்பு வள்ளியப்பா தோளில் விழுந்தது. செயலாளர், தலைவர், ஆலோசகர் என்று பதவியின் பெயர் காலத்துக்குக் காலம் மாறியது. வேலை மாறவில்லை.

சங்கம் பிறந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1951-ம் வருஷ ஜனத்தொகைக் கணக்குப்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு 18 பேர்தான். பெரும்பாலான வீடுகளில் பள்ளிக்கூடம் போகிற குழந்தைதான் அந்த வீட்டிலேயே முதலில் எழுத்துக் கூட்டிப் படிப்பவன். சென்னை மாகாணத்தில் 1948-ல் பொது நூலகச் சட்டம் வந்திருந்தது. ஊருக்கு ஊர் நூலகம் திறக்கும் காலம். 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் ஆரம்பமானது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் பள்ளிக்கு வரத் தொடங்கினார்கள். வயிற்றுக்குச் சோறு கிடைத்தது. கையில் கொடுக்கப் புத்தகம்? பாடப் புத்தகம் தவிர வேறு எதைக் கொடுப்பது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய ஒரு சிறு கூட்டம்தான் அந்தச் சங்கம்.

சம்பளம் இல்லாத ஊழியர்கள்

சங்கத்தை நடத்தியவர்கள் யாரும் அதை நம்பிப் பிழைத்தவர்கள் அல்ல. எல்லாருக்கும் வேறு வேலை இருந்தது. ஆபீஸ் நேரம் போக, வீட்டு வேலை போக, மிஞ்சிய பொழுதை இதற்குக் கொடுத்தார்கள்.

அவர்கள் செய்தது என்ன? கூட்டங்கள் நடத்தினார்கள். எழுதியதைப் படித்துக் காட்டி விவாதித்தார்கள். குழந்தைப் புத்தகங்களை மட்டும் திரட்டிக் கண்காட்சி வைத்தார்கள். பெரியவர்களின் புத்தகங்களுக்கு இடையே ஒளிந்து கிடந்தவை தனியே மேசை ஏறின. குழந்தை இலக்கிய மாநாடுகள் கூட்டினார்கள். போட்டி வைத்துப் பரிசு கொடுத்தார்கள். அதன் மூலம் புதிய எழுத்தாளர்கள் தோன்றினார்கள்.

இவற்றில் பாங்கு ஊழியரின் கைவண்ணம் நன்றாகத் தெரிகிற ஒரு வேலை உண்டு. குழந்தை எழுத்தாளர்கள் யார், எவர் என்று ஒரு விவர நூல் தொகுத்து வெளியிட்டது சங்கம். எழுத்தாளர் பெயர், அவர் எழுதிய நூல்கள் ஆகிய விவரங்கள் வரிசையாக அதில் இருக்கும். பார்க்கப் பேரேடு மாதிரித்தான். ஆனால் பதிப்பகத்தாருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் நூலகருக்கும் அது எவ்வளவு உதவி! இத்தனை பேர் தமிழில் குழந்தைகளுக்கு எழுதுகிறார்கள் என்று முதல் தடவையாக எண்ணிக் காட்டிய நூல் அது. கணக்கில் வராததை உலகம் மதிக்காது என்பது பாங்குக்காரருக்குத் தெரியாதா?

வெளியூரிலிருந்து கையெழுத்துப் பிரதி அனுப்பும் இளைஞனை ஊக்கப்படுத்துவதை வள்ளியப்பா தன் கடமையாகவே வைத்திருந்தார். தி.ஜ.ர. தனக்குச் செய்ததைத் தான் பலருக்குச் செய்தார். அவருடைய வட்டத்தில் வளர்ந்தவர்கள் பின்னால் நூல்கள் எழுதினார்கள், பரிசுகள் வாங்கினார்கள்.

சென்னையில் அமைந்த தென்மொழிகள் புத்தக நிறுவனத்தில் சில ஆண்டுகள் சிறப்பு அலுவலராகவும் அவர் பணி செய்தார். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய நான்கு மொழிகளிலும் நல்ல நூல்களைப் பரப்புவதற்காக ஏற்பட்ட நிறுவனம் அது. பாங்கு உத்தியோகமும் புத்தக ஆசையும் ஒரே பாதையில் சேர்ந்த காலம் என்று அதைச் சொல்லலாம்.

நாடெங்கும் படித்த நூல்

வள்ளியப்பா எழுதிய பாடல்கள் 2,000-க்கு மேல். ஈசாப் கதைகளைப் பாட்டாக்கினார். காந்திஜியின் வாழ்க்கையைப் பாட்டிலே காந்தி கதை என்ற நூலில் பிள்ளைகள் பாடும்படி எழுதினார். பெரியோர்களின் இளமைக்கால நிகழ்ச்சிகளைத் திரட்டிச் சின்னஞ்சிறு வயதில் என்ற நூலைக் கொடுத்தார். நீலா மாலா, நல்ல நண்பர்கள் என்று கதைகள் எழுதினார். பர்மா ரமணி என்ற கதையில் பர்மாவிலிருந்து வந்த சிறுவன் ஒருவனை நாயகன் ஆக்கினார். பர்மா போனவர்களின் துன்பத்தை அறிந்த சீமையில் பிறந்தவர் அல்லவா!

நேஷனல் புக் டிரஸ்டுக்காக அவர் எழுதிய நம் நதிகள் என்ற சிறுவர் நூல் இந்தியாவின் 14 மொழிகளில் வெளிவந்தது. ராயவரத்துக்காரர் தமிழில் எழுதியதை வங்காளப் பிள்ளையும் மராட்டியப் பிள்ளையும் தங்கள் தங்கள் மொழியில் படித்தார்கள். நதி மாநில எல்லையைப் பார்த்து நிற்பதில்லை. அந்தப் புத்தகமும் நிற்கவில்லை.

மத்திய அரசின் பரிசும் தமிழக அரசின் பரிசும் அவர் நூல்களுக்குக் கிடைத்தன. 1982-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் தமிழ்ப் பேரவைச் செம்மல் என்ற பட்டம் அளித்தது. காலேஜில் படிக்காதவரைப் பல்கலைக்கழகம் அழைத்துக் கௌரவித்தது.

ஓய்வு இல்லாத ஓய்வு

அதே 1982-ல் பாங்கிலிருந்து ஓய்வு பெற்றார். மற்றவர்கள் சாய்வு நாற்காலியைத் தேடும் வயது. வள்ளியப்பாவோ, இனிமேல் பகலும் நம்முடையதுதான் என்று கிளம்பிவிட்டார்.

1983 முதல் 1987 வரை கோகுலம் சிறுவர் மாத இதழின் ஆசிரியராக இருந்தார். 1972-ல் கல்கி நிறுவனத்தார் தொடங்கிய பத்திரிகை அது. குழந்தைகளே எழுதி அனுப்புவதற்கு அதில் இடம் கிடைத்தது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் தன் பெயரை அச்சில் பார்க்கும்போது அடைகிற சந்தோஷத்தின் அளவு, சக்தியில் முதல் கதை வந்த நாளை மறக்காத ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது.

மதுரையில் கடைசி நாள்

அவருக்கு ஒரு குறை மட்டும் இருந்தது. குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகங்கள் இலக்கியமாகவே நினைக்கவில்லை. காவியம் படிக்கிறார்கள், நாவல் படிக்கிறார்கள், நாட்டுப்புறப் பாடலைக்கூட ஆராய்கிறார்கள். ஒரு மனிதன் வாழ்க்கையில் முதன் முதலாகக் கேட்கிற பாட்டையும், முதன் முதலாகப் படிக்கிற கதையையும் பற்றிப் படிக்கத் தனிப் பாடம் இல்லை. ஆசிரியர் வேலைக்குப் போகிறவர்கள்கூட அதைப் படிக்காமலே போகிறார்கள். இதை மாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை.

1989-ம் ஆண்டு மார்ச் 16-ந் தேதி. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம். அதில் வள்ளியப்பா கலந்துகொண்டார். குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகத்தில் தனிப் பாடமாக்க வேண்டும் என்று வற்புறுத்திப் பேசினார். அங்கேயே மயங்கிச் சாய்ந்தார். பிழைக்கவில்லை. வயது 66.

எந்தக் காரியத்துக்காக ஆபீஸ் முடிந்த நேரத்தையெல்லாம் கொடுத்தாரோ, அதே காரியத்துக்காகப் பேசியதே அவருடைய கடைசிப் பேச்சாக அமைந்தது.

பிறகு நடந்தவை

சாகித்திய அக்காதெமி குழந்தை இலக்கியத்துக்கென்று பால சாகித்திய புரஸ்கார் என்ற தனி விருதை 2010-ல் கொடுக்கத் தொடங்கியது. தமிழில் முதல் விருது ம. கமலவேலனுக்குக் கிடைத்தது. வள்ளியப்பா மறைந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த அங்கீகாரம் அது. இன்னொரு பக்கம், அவர் ஆசிரியராக இருந்த கோகுலத்தின் அச்சுப் பதிப்பு 2020-ல் நின்றது. ஒரு கதவு திறந்தது; ஒரு கதவு மூடியது.

ஆனால் பாட்டு நிற்கவில்லை. வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழர் வீடுகளில் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமோ மராத்தியோ இந்தியோ படிக்கிறார்கள். தெருவில் விளையாடும்போதும் அந்த மொழிதான். தமிழ் எழுத்து அவர்களுக்குப் பழக்கமில்லை. அப்படிப்பட்ட வீடுகளில்கூட லட்டுப் பாட்டு கேட்கிறது. அம்மாவுக்குத் தெரியும், அவள் தன் அம்மாவிடம் கேட்டது. எழுதியவர் யார் என்று பல வீடுகளில் தெரியாது. புத்தகம் பக்கத்தில் இல்லாவிட்டாலும் பாட்டு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் பாட்டோடு நின்றுவிட்டால் போதாது. அடுத்த படி எழுத்து. அதைப் பள்ளிக்கூடம் சொல்லித் தராத ஊரில் வீடுதான் சொல்லித் தர வேண்டும்.

அதற்கு நேரம் ஏது என்று கேட்கத் தோன்றும். ஷிப்டு வேலை, ஓவர்டைம், பஸ் நெரிசல் எல்லாம் உண்மைதான். வள்ளியப்பாவும் ஓய்வாக இருந்த மனிதர் அல்ல. பேரேட்டை மூடிவிட்டு வந்து, களைத்த கையால்தான் அவர் அந்தப் பாட்டுகளை எழுதினார். அவரும் அவருடைய நண்பர்களும் கூடி நடத்திய சங்கத்துக்கு மூலதனம் பணம் அல்ல. வேலை முடிந்த பிறகு மிஞ்சிய நேரம்தான்.

அந்த நேரம் எல்லார் வீட்டுக் கடிகாரத்திலும் இருக்கிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி போதும். ஒரு பாட்டு, ஒரு பக்கம், பக்கத்தில் ஒரு பிள்ளை.